படுவான்கரைக்கு ஒன்று, எழுவான்கரைக்கு ஒன்று: காட்டு வேலைக்கு எந்தக் கத்தி?

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையிலும் கிழக்கே கடற்பக்கமாக உள்ள எழுவான்கரையிலும், வட்டைக்கு (வயல்வெளிக்கு) போகிறவர்கள், குளத்தோரம் தூண்டில் போடுகிறவர்கள், லீவு நாளில் உன்னிச்சைப் பக்கமோ குடும்பிமலைப் பக்கமோ போய்ச் சமைத்துச் சாப்பிட்டு வருகிற கூட்டாளிமார் என்று பலரும் கேட்கிற கேள்வி இது. எந்நேரமும் பையில் கிடக்க மடங்காத கத்தி ஒன்று வேண்டும். அதைப் பட்டறையில் அடிப்பிப்பதா, வெளிநாட்டில் இருந்து எடுப்பிப்பதா? கேட்கிறவரின் தொலைபேசியில் குளிர்தேசத்துக் காட்டுக் காணொளி ஒன்று இருக்கும். ஊருக்கு வரப்போகிற மச்சான் கட்டாரில் இருந்து "என்ன கொண்டு வர?" என்று கேட்டிருப்பார். வேலையைப் பார்க்குமுன் கத்தியைப் பார்க்கத் தொடங்குவதால்தான் ஆள் குழம்பிப்போகிறார்.

## என்ன வேலைக்கு?

வெளியில் கழிகிற ஒரு நாளில் கத்தி எதற்கெல்லாம் கையில் வருகிறது என்று எண்ணிப் பாருங்கள். உரப்பையின் தையலை அறுப்பது, நைலோன் கயிறு வெட்டுவது, மாடு கட்ட முளை சீவுவது, கிளுவைக் கதியாலின் நுனியைக் கூராக்குவது, மீனின் குடலெடுப்பது, வெங்காயம் அரிவது, தேன்வதையை வெட்டி எடுப்பது, மாரியில் நனைந்த விறகின் உள்மரத்தைச் சுருள் சுருளாகச் சீவி நெருப்பு மூட்டுவது. இத்தனையும் ஒரு சாணுக்கும் குறைந்த அலகு செய்கிற வேலைகள்.

பற்றை வெட்டுவது, இண்டுமுள்ளை விலக்கிப் பாதை எடுப்பது, வாடிக்குக் கம்பு தறிப்பது, இளநீர் சீவுவது, விறகு பிளப்பது எல்லாம் வேறு வகை. அவை நீண்டு பாரமான காட்டுக்கத்திக்கும் கோடரிக்கும் உரியவை. படுவான்கரையில் காட்டுக்கத்தி இல்லாத வீட்டை நான் கண்டதில்லை.

காணொளிகளில் வருகிறவர்கள் ஐந்து மில்லிமீற்றர் தடித்த கத்தியை விறகின் மேல் வைத்து, இன்னொரு கட்டையால் அடித்துப் பிளக்கிறார்கள். பலர் ஒரேயொரு கத்தியோடு காட்டுக்குள் போகிறார்கள். பிளக்கிற வேலையும் அதன் தலையில்தான் விழுகிறது. அதனால் தடிப்பு அவர்களுக்குத் தேவை. நமக்கு அந்தத் தேவை இல்லை. வெட்டுக்கு ஒரு கத்தி ஏற்கெனவே கையில் இருக்கும்போது, இரண்டாவது கத்தி மெல்லியதாக, சிறியதாக, நன்றாகச் சீவுவதாக இருக்க வேண்டும். கீழே வருகிற ஒப்பீடு முழுவதும் இந்த ஒரு முடிவின் மேல்தான் நிற்கிறது.

## எதை வைத்து நிறுப்பது?

நீளமும் தடிப்பும். அலகு 9 முதல் 11 சென்ரிமீற்றர், முதுகுப் பக்கத் தடிப்பு 2 முதல் 3 மில்லிமீற்றர். இதற்கு மேல் போனால் மீனின் வயிற்றுக்குள் நுனி திரும்பாது, கை விரலும் நுனியும் தூரமாகிவிடும். தடித்த அலகால் வெங்காயத்தை அரிந்து பாருங்கள். பாதி வழியில் அது வெட்டுவதை விட்டுப் பிளக்கத் தொடங்கும்.

துரு. எழுவான்கரை ஆட்களுக்கு இதுதான் முதற் கணக்கு. வாவியின் உவர்நீர், கடற்காற்று, மீன் இரத்தம், தேசிக்காய்ப் புளி, கையின் வியர்வை எல்லாம் காபன் உருக்கை, அதாவது துருவைத் தடுக்கும் கலப்பில்லாத சாதாரண உருக்கை, தின்னும். உப்பு பட்ட அலகைக் கழுவாமல் இரவு உறைக்குள் வைத்தால் காலையில் செம்புள்ளி கண்டிருக்கும். உருக்கில் குரோமியம் ஏறத்தாழ 10.5 வீதத்துக்கு மேல் இருந்தால்தான் மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத ஒரு படலம் உண்டாகித் துருவைத் தடுக்கிறது. ஸ்டெயின்லெஸ் என்பது அதுதான். அதையும் உப்புநீரில் ஊறவிட்டால் புள்ளி விழும். ஆனால் ஒரு நாள் கழுவ மறந்ததற்காகப் பழிவாங்காது.

தீட்டும் வசதி. காட்டில் நின்று, கையில் இருக்கிற சிறு கல்லால் பத்து நிமிடத்தில் கூர் ஏற்ற முடியுமா? மிகக் கடினமான, விலை உயர்ந்த உருக்குகளுக்கு வைரத்தூள் பூசிய தகடு வேண்டும். சாதாரண சாணைக்கல்லுக்கு அவை இணங்கமாட்டா.

பிடி. நனைந்த கையிலும் மீன் வழும்பிலும் வழுக்கக் கூடாது. விரல் முன்னே சறுக்கி அலகில் ஏறாதபடி சிறு தடுப்போ குழிவோ இருக்க வேண்டும். கையுறை போட்டுப் பிடித்துப் பார்த்து வாங்குவது குளிர்தேசத்து வழக்கம். இங்கே சவர்க்காரம் பூசிய வெறுங்கையால் பிடித்துப் பாருங்கள்.

உறை. வாங்கும்போது எவரும் பார்க்காத பொருள். தோல் உறை மாரியில் ஈரத்தைக் குடித்து வைத்திருந்து அலகுக்குத் துருவையும் தனக்குப் பூஞ்சணத்தையும் சேர்க்கும். அடியில் நீர் வடியத் துளை உள்ள பிளாஸ்டிக் உறை நம் காலநிலைக்கு நல்லது.

விலை. கத்தியின் விலையோடு உறை, கல், அனுப்பும் செலவு, கெட்டுப்போனால் திருத்தும் செலவு எல்லாம் சேர்த்துத்தான் கணக்குப் பார்க்க வேண்டும்.

## காட்டுக்கத்தி மட்டும் போதாதா?

பழகிய கைக்குப் பெருமளவு போதும். முதுகுப் பக்கம் அலகின் மேல் கையை ஏற்றிப் பிடித்து, காட்டுக்கத்தியாலேயே மீன் வெட்டுகிற, முளை சீவுகிற ஆட்கள் வட்டைகளில் இருக்கிறார்கள். புதிதாக ஒரு சதமும் செலவில்லை. கூர் மழுங்கினால் அரம் போதும்.

மறைசெலவு உடம்பில் விழுகிறது. பாரம் முன்பக்கம் இருப்பதால் நுண்ணிய வேலையில் மணிக்கட்டு களைக்கும். களைத்த கையில்தான் வெட்டு விழும். இன்னொன்று, பற்றை வெட்டுகிற கூர் சற்று மொத்தமாக இருந்தால்தான் நின்றுபிடிக்கும். மீனுக்காக அதை மெல்லியதாகத் தீட்டினால் அடுத்த நாள் வீரைக் கொப்பில் பட்டதும் பல் விழும். இரண்டு வேலைக்கும் ஒரே கூர் அமையாது. வளவுக்கும் வட்டைக்கும் நடுவில் மட்டும் புழங்குகிறவருக்கு இது பிரச்சினை இல்லை. பையோடு தூரம் நடக்கிறவருக்குப் பிரச்சினை.

## பட்டறையில் அடிப்பிக்கும் சிறு கத்தி

என் மனம் சாய்கிற பக்கம் இதுதான். ஏன் என்று விளக்கமாகவே சொல்கிறேன்.

லொறியின் வில்லுத்தகடு நல்ல உருக்கு. பெரும்பாலும் 0.6 வீதத்துக்குக் கிட்டிய காபன் அதில் உண்டு. வளைந்து நிமிர்வதற்கென்றே செய்த உருக்கு என்பதால் கத்தியாகும்போது உடையாத தன்மை இயல்பாகவே கிடைக்கிறது. கொல்லருக்கும் அதன் குணம் கைப்பழக்கம். காட்டுக்கத்திகள் பலவும் அதில்தான் பிறக்கின்றன.

சிக்கல் எங்கே வருகிறதென்றால், கொல்லரின் கைப்பழக்கம் பெரிய கத்திக்கானது. "சின்னக் கத்தி ஒண்டு அடிச்சுத் தாங்க" என்று மட்டும் சொன்னால் காட்டுக்கத்தியின் குட்டிதான் கிடைக்கும்: ஐந்து மில்லிமீற்றர் தடிப்பு, மொத்தமான கூர், சீவாது. ஆகவே மட்டையில் அளவாக வெட்டிய ஒரு மாதிரியைக் கொண்டு போங்கள். நீளம், அகலம், பிடிக்குள் போகிற பகுதி எல்லாம் அதில் இருக்கட்டும். முதுகு மூன்று மில்லிமீற்றருக்கு மேல் வேண்டாம் என்று சொல்லுங்கள். தடித்த தகட்டை அவ்வளவு மெல்லியதாக அடித்து இறக்குவது நேரமெடுக்கும் வேலை. அதற்குரிய கூலியைக் குறைத்துப் பேச வேண்டாம். மரஆலையில் கழித்த வாள்தகடு கிடைத்தால் தடிப்பு ஏற்கெனவே கிட்டத்தட்ட சரியாக இருக்கும், வேலையும் பாதியாகும்.

தகட்டைத் தேர்ந்தெடுக்கும்போது மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்துப் பாருங்கள். பல வருடம் பாரம் தாங்கிய தகட்டில் மயிரிழை வெடிப்பு ஓடியிருக்கும். துடைத்த பின்னும் எண்ணெய் ஒரு கோடாகக் கசிந்து நின்றால் அந்த இடம் வெடித்திருக்கிறது. அதைக் கழித்துவிட்டு மற்றப் பகுதியில் வெட்டுங்கள்.

அடுத்தது பதம், அதாவது அலகைச் சூடாக்கிக் குளிர்வித்து அதற்கு ஏற்றுகிற உறுதி. செந்தணலில் இருந்து எடுத்துத் தோய்க்கும்போது, வில்லுத்தகட்டுக்குத் தண்ணீரை விட எண்ணெய் பாதுகாப்பானது. மெல்லிய அலகு தண்ணீரில் வெடிக்கக் கூடும். தோய்ச்சல் முடிந்த அலகு கண்ணாடி மாதிரி நொறுங்கும் நிலையில் இருக்கும். அதை மீண்டும் மெதுவாகச் சூடேற்றி, துலக்கிய இடத்தில் வைக்கோல் மஞ்சள் நிறம் ஓடும்வரை, அதாவது ஏறத்தாழ 220 பாகை செல்சியஸ் வரை கொண்டு வர வேண்டும். நிறம் நீலத்துக்குப் போய்விட்டால் சூடு 300 பாகைக்குக் கிட்டியிருக்கும். சிறு கத்திக்கு அது கூடுதல், கூர் நிற்காது.

வாங்கும்போது ஒரு சோதனை செய்யலாம். பித்தளைக் கம்பி ஒன்றைப் பலகையில் படுக்கவைத்து, தீட்டிய கூரைச் சிறு சாய்வில் அதன்மேல் வைத்து அழுத்துங்கள். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால், கூர் கம்பியின் மேல் மெல்லப் பிதுங்குவது கண்ணுக்குத் தெரியும். கையை எடுத்ததும் நேரானால் பதம் சரி. வளைந்தபடியே நின்றால் மென்மை. பொரிந்து உதிர்ந்தால் கடினம் கூடிவிட்டது. இரண்டு குறைக்கும் மருந்து உலையிலேயே உண்டு. கத்தியைத் திருப்பிக் கொடுத்தால் கொல்லர் பதத்தைத் திருத்தித் தருவார். கடையில் வாங்கிய கத்திக்கு அந்த வசதி இல்லை.

மறைசெலவுகள் மூன்று. ஒன்று பிடி: பச்சை மரத்தில் போட்டால் கோடையில் சுருங்கிக் கழரும். நன்றாகக் காய்ந்த முதிரையோ பூவரசோ நீங்களே கொண்டுபோய்க் கொடுங்கள். முடிந்தால் இரும்பு பிடியின் கடைசி வரை ஓட, இரு பக்கமும் மரம் வைத்து ஆணி அடிப்பியுங்கள். இரண்டாவது உறை: பட்டறையில் கிடைக்காது. தண்ணீர்க்குழாய்க்குப் போடுகிற பீவீசீத் துண்டைத் தணலுக்கு மேலே, புகை கிளம்பாத தூரத்தில் பிடித்து இளக்கி, இரண்டு பலகைக்கு நடுவில் அழுத்தினால் தட்டை உறை ஒன்று வரும். மூன்றாவது துரு: இது காபன் உருக்கு. புதுக் கத்தியைப் புளிக் கரைசல் தடவி ஒரு மணி நேரம் வைத்தால் சாம்பல் நிறப் படலம் படியும். அது செந்துருவைத் தாமதப்படுத்தும், நிறுத்தாது. வேலை முடிந்ததும் கழுவி, துடைத்து, தேங்காய் எண்ணெய் ஒரு சொட்டுத் தடவுங்கள். நல்லெண்ணெய் நாட்பட்டால் பிசினாகும். கழித்த எஞ்சின் ஒயிலை உணவில் படுகிற கத்திக்குப் பூசவே வேண்டாம்.

## சுவீடன் கத்தி

சுவீடனின் டாலர்னா மாகாணத்தில் மோரா என்ற ஊர் இருக்கிறது. அங்கே 1891 முதல் கத்தி செய்கிற நிறுவனத்தின் பொருள்தான் மோராக்னிவ். வெளிநாட்டில் இருப்பவர்களிடம் எடுப்பிக்கச் சொல்வதானால் இதைத்தான் சொல்வேன். அவர்களின் கொம்பானியன் என்ற வகை 10 சென்ரிமீற்றர் சொச்ச அலகும் 2.5 மில்லிமீற்றர் தடிப்பும் கொண்டது. நாம் மேலே போட்ட அளவுக்குள் அப்படியே வந்து உட்காருகிறது. விலை அங்கே 20 டொலர் அளவில். பிளாஸ்டிக் உறையும் அதற்குள் அடக்கம்.

காபன், ஸ்டெயின்லெஸ் என இரண்டு விதமாக வரும். நம் ஊருக்கு ஸ்டெயின்லெஸ்ஸே பொருத்தம். அந்த உருக்கில் 0.6 வீதம் காபனும் 13.5 வீதம் குரோமியமும் உண்டு; சாதாரணக் கல்லில் நன்றாகத் தீட்டலாம். காபன் வேண்டுமென்றால் அதைப் பட்டறையிலேயே எடுக்கலாமே, ஏன் கடல் தாண்டிக் கொண்டுவர வேண்டும்?

தீட்டுவது இதில் மிகவும் எளிது. அலகின் இரு பக்கமும் கூரை நோக்கி ஒரே அகலச் சரிவு இறங்குகிறது. அந்தச் சரிவைக் கல்லில் தட்டையாகப் படுக்கவைத்துத் தள்ளினால் போதும். கோணம் தானாக அமையும். புதிதாகத் தீட்டப் பழகுகிற பிள்ளைக்கு இதைவிட நல்ல கத்தி எனக்குத் தெரியாது. ஆனால் அந்தச் சரிவு மிக மெல்லிய கூரில் முடிகிறது. பைன் மாதிரி மென்மரம் வளர்கிற நாட்டில் பிறந்த வடிவம் அது. காய்ந்த பாலையிலும் வீரையிலும் அழுத்திச் சீவினால் கூர் மடங்கும். தீட்டி முடிந்ததும் முதுகைச் சற்று உயர்த்தி, இரு பக்கமும் இரண்டு மூன்று தரம் மெல்ல இழுத்துவிட்டால் கூரின் நுனி கொஞ்சம் மொத்தமாகி நம் மரங்களுக்குத் தாங்கும்.

மறைசெலவு: தபாலில் எடுத்தால் அனுப்பும் செலவும் தீர்வையும் கத்தியின் விலையைத் தாண்டிவிடலாம். ஆளிடம் எடுப்பித்தால் பெட்டிக்குள் வைத்து விமானத்தின் அடிப்பகுதிக்கு அனுப்பச் சொல்லுங்கள். கைப்பையில் வைத்தால் விமான நிலையத்தோடு அது போய்விடும். உறை தொலைந்தால் இங்கே மாற்று உறை தேடி அலைய வேண்டும். பிடிக்குள் இரும்பு முழுநீளம் ஓடுவதில்லை. சீவவும் அரியவும் அது குறையில்லை. விறகு பிளக்கப் போனால் குறைதான்.

## தடித்த 'சேர்வைவல்' கத்திகள்

முதுகில் வாள்பல், பிடிக்குள் நெருப்புக்குச்சி வைக்கக் குழி, தலைப்பில் திசைகாட்டி. இவற்றை வாங்க வேண்டாம் என்று தயங்காமல் சொல்கிறேன். பிடி உள்ளே வெறுமையாக இருந்தால் அலகு சிறு திருகாணியிலோ ஒட்டிலோ தொங்குகிறது என்று பொருள். ஓங்கிக் கொத்தினால் அலகு கழன்று பறக்கும், பக்கத்தில் நிற்கிறவருக்கு ஆபத்து. முதுகுப் பல் மரத்தை அறுக்காது. கை வைத்து அழுத்துகிற இடத்தையும் கெடுத்துவிடும்.

தரமான தடித்த கத்திகளும் உண்டு. மோராக்னிவ்வின் கார்பேர்க் அப்படியொன்று: 3.2 மில்லிமீற்றர், இரும்பு பிடி முழுதும் ஓடுகிறது. காட்டுக்கத்தியைக் கொண்டுபோகவே முடியாத பயணத்துக்கு அது நியாயமான தேர்வு. கொம்பானியனை விடப் பல மடங்கு விலை என்பதையும் கணக்கில் எடுங்கள்.

## குசினிக் கத்தி

சந்தையில் வாங்குகிற சிறு குசினிக் கத்தியை உறை செய்து கொண்டுபோகலாமா? சமைக்க மட்டும் என்றால் தாராளமாக. முளை சீவத் தொடங்கினால் அலகு பிடியோடு சேருமிடத்தில் ஆடும், விரலுக்குத் தடுப்பும் இல்லை.

## ஒரே பார்வையில்

| | காட்டுக்கத்தி | பட்டறைச் சிறு கத்தி | மோரா ஸ்டெயின்லெஸ் | தடித்த நல்ல கத்தி |
|---|---|---|---|---|
| சீவல், மீன், சமையல் | சிரமம் | நன்று (மெல்லியதாக அடித்தால்) | மிக நன்று | நடுத்தரம் |
| பற்றை, கம்பு, விறகு | மிக நன்று | ஆகாது | ஆகாது | விறகுக்கு மட்டும் |
| உவர்நீர், கடற்காற்று | துருப்பிடிக்கும் | துருப்பிடிக்கும் | தாங்கும் | உருக்கைப் பொறுத்தது |
| தீட்ட | அரம் | சாணைக்கல் | சாணைக்கல், மிக எளிது | உருக்கைப் பொறுத்தது |
| ஊரில் திருத்தலாமா | ஆம் | ஆம் | பிடி உடைந்தால் கடினம் | கடினம் |
| மறைசெலவு | கைக்களைப்பு | பிடி, உறை, எண்ணெய்ப் பராமரிப்பு | கொண்டுவரும் செலவு | விலை, பாரம் |

## யாருக்கு எது?

வவுணதீவு, கொக்கட்டிச்சோலை, வெல்லாவெளி, கிரான் பக்கத்து வட்டைகளிலும் பட்டிகளிலும் புழங்குகிறவர் பட்டறைக்கே போங்கள். நன்னீர், மரம், கயிறு, மாடு என்று அமைந்த வாழ்க்கைக்கு வில்லுத்தகட்டுக் கத்தி எல்லா வகையிலும் பொருந்தும். பிடி போனால் மாற்றலாம், அலகு தேய்ந்தால் அடிப்பிக்கலாம், பணமும் ஊருக்குள்ளேயே நிற்கிறது.

கல்லடி, வாழைச்சேனை, கல்முனை, திருக்கோவில், பொத்துவில் என்று வாவியும் கடலும் சூழ்ந்த இடங்களில் தோணியிலும் வலையோரமும் நிற்கிறவருக்கு ஸ்டெயின்லெஸ். கட்டார் மச்சானிடம் தயங்காமல் சொல்லுங்கள். அது கைக்கு வரும்வரை குசினிக் கத்தியோடு சமாளியுங்கள். காபன் கத்தியைத் தினமும் உப்பில் நனைத்து வீணாக்க வேண்டாம்.

உகந்தையில் இருந்து குமண, யால வழியாகக் கதிர்காமத்துக்கு நடக்கிற அடியார்களுக்கு மரக்கறி அரியவும் கயிறு வெட்டவும் போதுமான மிகச் சிறிய கத்தி போதும். குமணவும் லகுகலவும் தேசிய பூங்காக்கள். அங்கே கொப்பு வெட்டுவது குற்றம். வெட்டக் கூடாத காட்டுக்குள் வெட்டுக்கத்தி சுமந்து போக வேண்டியதில்லை. எந்தக் கத்தியானாலும் பஸ்ஸிலும் சந்தியிலும் இடுப்பில் தொங்கவிடாதீர்கள். உறையோடு துணியில் சுற்றிப் பையின் அடியில் வையுங்கள்.

பழைய கத்தி ஒன்று வீட்டில் கிடந்தால் முதலில் அதைப் பாருங்கள். மின்சாணையில் பிடித்துக் கூர் நீலமேறியிருந்தால் அந்த இடத்துப் பதம் போய்விட்டது. நீலம் ஓடிய அளவைக் கல்லில் தேய்த்துக் களைந்த பின்னும் அலகில் அகலம் மிஞ்சினால் புதிது தேவைப்படாது. இனி மின்சாணையில் கொடுப்பதானால் கையுறை போடாமல் அலகைப் பிடிக்கச் சொல்லுங்கள். விரல் பொறுக்காத சூடு வந்ததும் தண்ணீரில் தோய்த்துக்கொண்டால் பதம் தப்பும்.

பட்டறையில் சொல்லப்போகிறவர் மாரிப் போகத்து விதைப்பு நெருங்குமுன் போய்விடுங்கள். பிறகு மண்வெட்டியும் காட்டுக்கத்தியும் குவிந்துவிடும். மூன்று மில்லிமீற்றர் அலகொன்றை இருந்து அடித்துப் பதம் பார்க்கக் கொல்லருக்கு நேரம் கிடைக்காது.